பஸ்ஸுக்குள் நைனா இல்லை

பிள்ளை பெற்றவர்கள் வேலைக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்துதான் பள்ளிக்கூட நேரத்தை யாரோ வைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கெல்லாம் மணி அடித்துவிடும். சித்தூரில் நான் வேலை பார்த்த மாம்பழக் கூழ் ஆலையிலோ, சீசன் வந்துவிட்டால் இருட்டுவதற்கு முன்னால் ஆளை விடமாட்டார்கள். வாசலில் பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்போது, "எம்பொண்ணு ஸ்கூல் உட்டு வந்திருக்கும்" என்று சொன்னால் மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பழம் அழுகிவிடும், பிள்ளை அழுகிவிடுமா என்று அவருக்கு நினைப்பு.

முந்தின வருஷம் வரை பக்கத்து வீட்டு அக்கா என் மகளைப் பார்த்துக்கொண்டாள். அவளும் புருஷனும் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை கிடைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். டியூஷன் எடுத்த டீச்சர் கல்யாணமாகி ஹைதராபாத் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாம் நகரியில், விடிந்தால் பவர்லூம் முன்னால் நிற்கிறவர்கள். யாரைக் கூப்பிடுவது? டே கேர் என்ற வார்த்தையே அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை.

மகள் கழுத்தில் வீட்டுச் சாவியைக் கட்டி அனுப்பிப் பார்த்தோம். ஒரு நாள் நான் வந்தபோது கரண்ட் இல்லை. உள்ளே போகப் பயந்து, வாசற்படியிலேயே பையைக் கட்டிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. மறுநாளே வேலையை விட்டுவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சீசன்ல நின்னுட்டா மறுபடி உன்ன உள்ள சேத்துக்க மாட்டாங்க. கொஞ்சம் பொறு, நா ஒரு வழி பண்றன்" என்றார்.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். சித்தூர் – திருப்பதி வண்டி. சாயங்கால டிரிப் மகளின் பள்ளிக்கூடத் தெருமுனையில் நின்றுதான் போகும். அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: அவள் அங்கே ஏறிக்கொள்வது, திருப்பதி போய் அதே வண்டியில் திரும்புவது, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நான் வந்து இறக்கிக்கொள்வது. ஆனால் டூட்டியில் சொந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு சுற்றினால் மெமோ வரும். அதனால் மகளை உட்கார வைத்து ஒரு சட்டம் போட்டார்.

"பஸ்ஸுக்குள்ள நா உனுக்கு நைனா இல்ல. கண்டக்டர் சார். புரிஞ்சிதா?"

தினமும் தன் கைக்காசில் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவளும் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். திரும்பும்போது தூங்குவாள். என் மகள் சொன்ன சொல் தட்டாதவள், என்னைப்போல இல்லை. "கண்டக்டர் சார், தண்ணி வேணும்" என்று கூட்டத்தில் கேட்டாளாம். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து போய், ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

ஒரு நாள் சந்திரகிரி கிட்டே செக்கிங் ஏறியது. புது ஆபீசர். டிக்கெட் எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர் மகளிடம் நின்றார். யாரோடு வந்தாய் என்று தெலுங்கில் கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள். சட்டம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை. ஆபீசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்திரகிரி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, கடைசியாக வண்டியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"எவரி பிட்ட இதி?" யாருடைய பிள்ளை இது என்று.

"எம்பொண்ணு சார்" என்றாள் பூக்காரம்மா. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக் கடையில் பூக்கூடையை இறக்கிவிட்டு, தினமும் அதே வண்டியில் திரும்புகிறவள். அதே நொடியில் முன் சீட்டிலிருந்து ஒரு நர்சம்மா, "நா பிட்டே சார்" என்றாள். பின்னால் இன்னொரு குரலும் கேட்டதாம். இத்தனைக்கும் மேலே என் வீட்டுக்காரர் தாங்க முடியாமல், "நா பிட்ட சார்" என்று முன்னால் வந்துவிட்டார்.

ஆபீசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஒக்க பிட்டகி இந்தமந்தி அம்மலா?" என்றார். ஒரு பிள்ளைக்கு இத்தனை அம்மாவா என்று. சிரித்தாரா, கோபித்தாரா, இவருக்குத் தெரியவில்லை. அரை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு தடவை உன் பிள்ளையை டூட்டியில் பார்த்தால் எழுதிவிடுவேன் என்று சொல்லி இறங்கிப் போனார்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் இதைக் கேட்டதும் மகளை இழுத்து என்னோடு சேர்த்துக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். பூக்காரம்மா காலிக் கூடையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"நாளிக்கிலேந்து அது எம்பொண்ணு. எங்கூட குந்தும், எங்கூட எறங்கும். உம்புருசனுக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் கெடையாது. எவன் வந்து கேட்டாலும் நா பதில் சொல்லிக்கிறன். நீ போய்க்கினே இரு."

அப்படியே நடந்தது. அந்த சீசன் முழுக்க என் மகள் தலையில் மல்லிகைப்பூவோடுதான் இறங்கினாள். பூக்காரம்மா கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டே வருவாள். எனக்கு அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. என் பிள்ளைக்கு நான் வைக்க வேண்டிய பூ அது என்று பொறாமையாகவும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

பழ வரத்து நின்றது. ஆலையில் சீக்கிரம் விட்ட முதல் நாள், மகளை ஆச்சரியப்படுத்தலாம் என்று பள்ளிக்கூடத்துக்கு அடுத்த ஸ்டாப்பில் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். அவள் பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் இரண்டும் விரிந்தன. ஆனால் எழுந்து ஓடி வரவில்லை, கூப்பிடவும் இல்லை. யாரோ வழிப்போக்கர் மாதிரி என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்ததும் என் காதுக்கு எம்பி வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இங்க உன்ன அம்மான்னு கூப்புடலாமா?"

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பஸ்ஸில் யார் பார்த்தால் எனக்கென்ன?

"கூப்புடு கண்ணு, யாரு வேணான்றது?" என்றாள் பூக்காரம்மா.

"அம்மா" என்றாள். முதலில் மெதுவாக, அப்புறம் வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி. பிறகு கூட்டத்துக்கு நடுவில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "நைனா!" என்று கத்தினாள்.

அவர் வாசலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, "இன்னாம்மா?" என்றார்.