இன்னொரு வண்டின் கால்

பூச்சி அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். செத்த பூச்சியின் முதுகில் ஊசி குத்தி, கால்களைப் பரப்பி, சீட்டு எழுதி வைப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே அலமாரி, அதே அந்துருண்டை நெடி. கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள் செய்தது ஒரே ஒரு தப்பு. அதுவும் அரிசி நீளம்கூட இல்லாத தப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேராசிரியர் உயர்ந்த மலையொன்றிலிருந்து கருநீலச் சாணவண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எறும்பு தின்றது போக முன்னங்கால்களில் ஒன்றுதான் மிச்சம். அதையும் மின்விசிறி எங்கோ கொண்டுபோய்விட்டது. மேசைக்கடியில் தவழ்ந்து தேடிப் பார்த்தாள். வேலை போய்விடுமே என்ற பயத்தில், கழிவு டப்பாவில் கிடந்த வேறொரு வண்டின் காலை எடுத்து ஒட்டிவிட்டாள். அந்தக் காலின் விளிம்பில் மண் தோண்டும் பல் நாலு. இந்தச் சாயல் வண்டுகளுக்கு மூன்றுதான் இருக்கும். பேராசிரியர் துள்ளிக் குதித்தார்: யாரும் காணாத புது இனம்! வேலை சுத்தத்தை மெச்சி, அதற்கு ஊசிக்காரியின் பெயரையே வைத்துவிட்டார். இனி எந்த வாயால் சொல்வாள்? சீட்டில் தன் பெயர் கண்ணில் படாதபடி ஒவ்வொரு காலையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டுக்கு ஜோடி தேடி அவர் வருடம் தவறாமல் மலையேறினார். இருந்தால்தானே கிடைக்கும்! இப்போது வயது எழுபத்தொன்று. போன மாதம்தான் மாரடைப்பு. மறுபடி மலையேறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேராசிரியரின் மனைவி அருங்காட்சியகத்துக்கே வந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "எப்படியாவது தடுங்க" என்று அழுதார்.

கிளம்பும் நாள். வாசலில் ஜீப் நிற்கிறது. ஊசிக்காரி போட்டு உடைத்தாள்.

"ஐயா, அப்படி ஒரு வண்டே கிடையாது. அந்தக் கால் நான் ஒட்டினது."

அவர் சிரித்தார். "வீட்டம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

"சத்தியமா ஐயா! வெந்நீர்ல போடுங்க, பசை கரைஞ்சு கால் கழண்டு வந்துடும்."

"உலகத்துலயே இருக்கறது அது ஒண்ணு. அதைப் போய் வெந்நீர்ல போடச் சொல்றே! நல்லா சொன்னே போ."

அலமாரிச் சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டு ஏறினார். ஜீப் தெருமுனையில் திரும்பியது.

வழியனுப்ப வந்திருந்த அவர் மனைவி ஊசிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக இவ்ளோ பெரிய பொய்யைச் சொன்னியேம்மா. பெத்த பொண்ணுகூடச் செய்யமாட்டா."

இல்லைம்மா என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.