கப்பல் மூழ்கியது, என் வீட்டுக்காரரை முருகன் திருப்பித் தந்தான்

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கப்பல் புயலில் காணாமல் போய்விட்டது என்று போர்ட் லூயி துறைமுகத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது, நான் கரும்புக் கொல்லையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கல்லைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன்.

முருகனை நம்பியிருக்கும் அக்கா தங்கைகளே, நான் செல்லம்மா. ரோஸ் பெல்லில் துண்டு நிலம் வைத்துப் பிழைக்கிறவள். நிலத்து வருமானம் போதாமல்தான் என் வீட்டுக்காரர் மாணிக்கம், பம்பாய்க்குச் சர்க்கரை ஏற்றிப் போகும் நீராவிக் கப்பலில் சேர்ந்தார். வருஷத்தில் பாதி கடலில். ரயில் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு வந்துவிடுவேன்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கப்பல் துறைமுகத்தில்தான் நின்றது, அவர் வரவில்லை. நானே ரயிலேறிப் போனேன். புயல் மாதம் என்று கப்பித்தான் யாரையும் ஊருக்கு விடவில்லையாம். ஆபத்துக்கு வைத்திருக்கும் படகுகளை இறக்கி ஏற்றிப் பழகுவதிலேயே பொழுது போகிறதாம். யார் எந்தப் படகில் ஏற வேண்டும், தண்ணீர்ப் பீப்பாய் நிறைந்திருக்கிறதா, துடுப்பு இருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டுமாம்.

"திருநாளுக்குக்கூட விடக்கூடாதா?" என்று அழுதேன்.

"கண்ணைக் கட்டிக்கிட்டுக் கூட இறக்கச் சொல்றாரு. எங்களுக்கே அலுத்துப்போச்சு, செல்லம்மா. போய்ட்டு சீக்கிரம் வந்துடறேன்" என்றார்.

பால்குடம் சுமந்து தனியாக நடந்தேன். அடுத்த வாரம் கப்பல் புறப்பட்டது. அதன் பின்னாலேயே புயல்.

அப்போது எங்கள் தீவுக்குக் கடல் கடந்து தந்தி வராது. கப்பல் ஏதாவது வந்தால்தான் சேதி. பம்பாயிலிருந்து வந்த கப்பல், அது அங்கே சேரவே இல்லை என்றது; அப்போதுதான் ஆள் வந்து என்னிடம் சொன்னது. கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். அவருடைய அண்ணன் உறவுக்காரர்களோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா? காரியத்தைப் பண்ணிட்டா அவனுக்கும் நல்லது."

நான் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அடுப்படியிலிருந்து என் மாமியார் வந்தார்.

"இவ கழட்டுறேன்னு சொல்ற வரைக்கும் என் மகன் உயிரோடதான் இருக்கான். எல்லாரும் எழுந்து போங்க."

பெற்றவளே அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வேறு என்ன வேண்டும்?

தினமும் கோயிலுக்குப் போனேன். "முருகா, நான் பார்க்காவிட்டாலும் போகட்டும், எங்காவது உயிரோடு வைத்திரு" என்று கேட்பேன். பாதி வழி வந்ததும் மனசு கேட்காது. திரும்பிப் போய், "இல்லை, எனக்கு அவரைப் பார்க்கணும்" என்பேன். கொல்லை மேட்டில் ஏறினால் தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் எத்தனை நாள் உலை பொங்கி வழிந்திருக்கிறது!

கரும்பு பூத்த சமயம். காலையில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர், தாடியும் பொருந்தாத சட்டையுமாய் வரப்பில் வந்தார். வழி கேட்க வருகிறார் என்று நினைத்தேன்.

"செல்லம்மா, கொஞ்சம் தண்ணி குடு."

என் வீட்டுக்காரரின் குரல்! களைக்கொத்தியைப் போட்டுவிட்டு ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது மாமியார்தான்.

புயலில் பகலே இருட்டிவிட்டதாம். உப்புத் தண்ணீர் அடித்து யாராலும் கண் திறக்க முடியவில்லையாம். "கைதான் எல்லாம் செஞ்சுது. அவனவன் தன் படகுக்குத் தானாப் போனான்" என்றார். கப்பல் மூழ்கிப் போனது, ஆட்கள் எல்லாரும் பிழைத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போகிற பாய்மரக் கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டது. அங்கே போய், இங்கே வரும் கப்பலுக்குக் காத்திருந்து வந்ததால்தான் அத்தனை மாதம்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அழுது கேட்பதற்கு முன்பே முருகனின் உதவி புறப்பட்டிருக்கிறது. அவரை என்னிடம் வரவிடாத அந்தப் பயிற்சியாகவே அது வந்திருக்கிறது!

அவர் மறுபடியும் கடலுக்குத்தான் போகிறார். ஏக்கம் எனக்குப் போகவில்லை, பயம்தான் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் கடலுக்குப் போனவர்கள் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறேன்.

உங்கள் வீட்டு ஆளும் கடலில் இருந்தால் வாருங்கள். போனவர் கட்டாயம் வருவார் என்று சொல்ல நான் யார்? நாம் சொல்வதைக் கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான், அது எனக்குத் தெரியும். தனியாகக் கேட்க வேண்டாம், என் பக்கத்தில் உட்காருங்கள்.