மரத்தூள் சுவரும் எண்ணெய்ப் பாட்டிலும்

ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மைசூரில் மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டியாக இருக்கும். இராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்த நான், வந்த முதல் வருஷம் எண்ணெய் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாட்டிலைக் கடைவாசல் படியில் வெயில் விழும் இடத்தில் வைத்தார்; என் கையைப் பிடித்து என்னையும் அதன் பக்கத்தில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் எண்ணெயும் இளகியது, என் கோபமும் இளகியது.

சுதந்திரம் வந்த கையோடு பிழைப்புத் தேடி இங்கே வந்தவன் நான். மர அறுவை மில்லில் வேலை. மில்லுக்குப் பின்னால், யுத்த காலத்தில் சாமான் போட்டுவைக்கக் கட்டிய பலகைக் கொட்டகை ஒன்றை எங்களுக்கு வீடாகக் கொடுத்தார்கள். தகரக் கூரை, உள்ளே ஒரு பலகை, வெளியே ஒரு பலகை, நடுவில் ஒரு சாண் வெற்றிடம், அதுதான் சுவர். தனி ஆளாக இருந்தவரை எனக்கு அது அரண்மனைதான். கல்யாணமாகிச் செல்லம்மா வந்தாள். மறுவருஷம் எட்டு மாதத்திலேயே ஒரு பெண் பிறந்தது, கைக்குள் அடங்குகிற அளவுக்கு. "சூடு முக்கியம், சூடு இறங்கவே கூடாது" என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். பிறந்ததோ மார்கழி. பிள்ளையின் பாதத்தைத் தொட்டால் சில்லென்றிருக்கும்.

செல்லம்மா ஒரு காலையில் எண்ணெய்ப் பாட்டிலை என் முன்னால் வைத்தாள். "இங்க பாருங்க, எண்ணெயே வெறச்சுப் போற வீட்டுல எம்புள்ள எப்படிப் பொழைக்கும்? பொங்கலுக்கு அண்ணன் வருது. அதுக்குள்ள இந்த எண்ணெய் தன்னால எளகுச்சுன்னா இருக்கேன். இல்லன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிருவேன். அப்புறம் வரமாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்று மில்லில் நின்றபடியே கனவு கண்டுகொண்டிருந்தேன். ரம்பத்தின் அடியில் மரத்தூள் பொன்னாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் பாம்பன் பக்கம் பார்த்தது நினைவுக்கு வந்தது. மீனுக்கு வரும் ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்துத்தான் வைப்பார்கள். கொளுத்தும் வெயிலிலும் அப்படியே இருக்கும். வெளிச்சூட்டை உள்ளே விடாத தூள், உள்ளே இருக்கும் அடுப்புச் சூட்டை மட்டும் வெளியே விட்டுவிடுமா என்ன? மேஸ்திரியிடம் பத்து மூட்டை தூள் கேட்டேன். அடுப்பெரிக்க என்று நினைத்துக்கொண்டு, "இஷ்டு பேக்கா?" என்று வாய் பிளந்தார். இவ்வளவு வேண்டுமா என்கிறார். தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் செல்லம்மா தலையில் கைவைத்தாள். "ஐஸை உருகாம வைக்கிற தூளையா எம்புள்ளையச் சுத்திக் கொட்டப் போறீங்க? ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

தூளை வெயிலில் காயவைத்து, செல்லரிக்காமல் இருக்கச் சுண்ணாம்புப் பொடி கலந்து, மேல்பலகையைக் கழற்றி இரண்டு பலகைக்கும் நடுவே கொட்டிக் கம்பால் இடித்தேன். இரண்டு நாள் லீவு போட்டு நாலு சுவரையும் நிரப்பினேன். தட்டினால் 'டங்'கென்றிருந்த சுவர் 'தொப்'பென்றது. ஆனால் மறுநாள் காலை பாட்டில் கல்லாகவே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. செல்லம்மா டிரங்குப் பெட்டியைத் துடைத்து, பிள்ளையின் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை, என்னோடு ரம்பத்தில் நிற்கும் நிங்கப்பா குழந்தையைப் பார்க்க வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்து மெச்சினார். பிறகு அண்ணாந்து பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏன் ஸ்வாமி, மனெகெ கோட்டு ஹாகி டோப்பி மர்த்பிட்ரா?" வீட்டுக்குக் கோட்டு மாட்டிவிட்டுத் தொப்பியை மறந்துவிட்டீரே என்கிறார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே சுற்றிலும் நாலு விரல் இடைவெளி. வந்த வருஷம் அடைத்திருந்த பலகையைக் காற்று வரட்டுமென்று பிடுங்கிப் போட்டவன் நானேதான். தூள் கொட்டும்போதும் அதை அடைக்க எனக்குத் தோன்றவில்லை. காற்றுக்கு வழியில்லாத வீட்டை வீடென்று எங்கள் ஊரில் யார் சொல்வார்கள்? அந்த வழியாகத்தான் சாமுண்டி மலைப் பனி இறங்கி நேரே தொட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. பழைய கோணிகளில் தூளை அடைத்துத் தலையணை மாதிரித் தைத்து, இருட்டுவதற்குள் இருவருமாகச் சுற்றிலும் செருகினோம்.

காலையில் செல்லம்மாதான் முதலில் எழுந்தாள். பாட்டிலைக் கையில் கவிழ்த்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக, ஒரு சொட்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. பொங்கலுக்கு வந்த மச்சான் மூன்று நாள் நன்றாகத் தூங்கிவிட்டு, தனியாக ஊருக்குப் பஸ் ஏறினார்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. கன்னடத்தில்தான் சண்டை போடுவாள். போன சித்திரையில் ஊருக்குக் கூட்டிப்போனபோது எங்கள் வீட்டு மண்சுவரைத் தட்டிப் பார்த்து, "அப்பா, இதுக்குள்ள தூள் போடலையா?" என்று கேட்டாள். மரத்தூள் வருஷாவருஷம் தானாக அமுங்கும். ஐப்பசி மழை விட்டதும் பலகையைக் கழற்றிக் கூடை கூடையாக மேலே கொட்டி நிரப்புகிறேன். ஒரே ஒரு இடம் தவிர. என் பாய்க்கு நேர் மேலே, கூரையடியில் செருகிய ஒரு கோணியை மட்டும் உருவிவிடுவேன். அந்தக் காற்று முகத்தில் படாவிட்டால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. செல்லம்மாவுக்குத் தெரியும், கேட்பதில்லை. தாயும் மகளும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுமாடத்தில் எண்ணெய்ப் பாட்டில். இன்று காலை எடுத்துப் பார்த்தேன். ஒரே பாட்டிலில் அவர்கள் பக்கம் எண்ணெய் இளகியிருந்தது. என் பக்கம் உறைந்திருந்தது.