றெஜினா டொக்டர் விட்டுப்போன வேலை

தரம் ஏழில் பின்னங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. சிலாபத்துக் கிளினிக்கின் தாதி. “டீச்சர், றெஜினா டொக்டர் இல்ல. காலையில நெஞ்சு நோகுது எண்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக முந்தியே முடிஞ்சிட்டு.” வெண்கட்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். முதலில் மனதில் வந்தது அவருடைய முகமா? இல்லை. ‘எங்கள் கரு என்னாகும்?’ என்பதுதான். கொழும்பு ஆய்வுகூடத்தில் உறையவைத்திருக்கும் ஒரேயொரு கரு. அடுத்த வாரம் அவர் அதை என் கருப்பைக்குள் வைப்பதாக இருந்தது. சீ, என்ன பிறவி நான் என்று என்னையே ஏசிக்கொண்டேன். அப்படியும் அந்த நினைப்பு ஓயவில்லை.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கிளினிக் வாங்குப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்கள்தானே நாம்? புத்தளத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் பஸ் ஏறிப் போய், ஊர்க்காரர் யாரையாவது கண்டால் “சும்மா, காய்ச்சலுக்கு” என்று சொன்னோமே! முகத்தை மூடியிருந்தாலும் செருப்பை வைத்தே ஆளைப் பிடித்தோமே! டொக்டர் கதவைத் திறந்து, “காய்ச்சல்காரங்க எல்லாரும் வாங்க” என்பார். கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

என்னை முதலில் அங்கே கூட்டிப்போனவர் என் மாமி, கணவர் றிஸ்வானின் உம்மா. கற்பிட்டிப் பக்கத்து எத்தாளை ஊர்க்காரி. அதற்கு முன் பல டொக்டர்களைப் பார்த்தாயிற்று. ஸ்கேன், இரத்தம், கருக்குழாய்ப் படம் எல்லாம் எனக்கு மட்டும். மகனுக்கு வேறு பெண் பார்க்கும் கதையும் வீட்டில் மெல்லத் தொடங்கியிருந்தது. றெஜினா டொக்டர் என் அறிக்கைகளைத் தொடவேயில்லை.

“மாப்பிள்ள எங்க?”

“அவனுக்கென்ன டொக்டர்? கல்லு மாதிரி ஈக்கிறான். மீன் பெட்டிய ஒத்தையா தூக்குவான்” என்றார் மாமி.

“பெட்டி தூக்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல உம்மா. ரெண்டு பேரும் வராட்டி நான் யாரையும் பார்க்கமாட்டேன். போயிட்டு வாங்க.”

வீடு வரும்வரை மாமி பஸ்ஸில் ஏசிக்கொண்டே வந்தார். றிஸ்வான் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டுக் கடைசியில் வந்தார். விந்தணுக்கள் குறைவு, அவற்றுக்கு ஓட்டமும் போதாது என்று பரிசோதனையில் தெரிந்தது. அவர் தலையைத் தொங்கப்போட்டார். டொக்டர் சொன்னார்: “குறை யார்ட்ட எண்டு கேக்க வேணாம் மகன். எங்க எண்டு கேளுங்க, வேலை செய்யலாம்.” பழி ஓரிடம் பாவம் ஓரிடமாகக் கிடந்த எனக்கு அன்று மூச்சு வந்தது. சந்தோஷப்பட்டேன், ஏன் மறைக்க வேண்டும்? பெண் பார்க்கும் கதை அதோடு நின்றது.

சிகிச்சையை அவர் ஓரிடத்தில் இருந்து விளக்கியதில்லை. அறைக்குள் நடந்துகொண்டேதான் சொல்வார். ஊசி போட்டு ஒரே மாதத்தில் பல முட்டைகளை வளரவைப்பது, மயக்கம் கொடுத்து அவற்றை உறிஞ்சி எடுப்பது, ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவைச் செலுத்துவது. உருவாகும் கருவைச் சில நாள் வளர்த்து, மெல்லிய குழாயால் கருப்பைக்குள் வைப்பது, மிஞ்சுவதை உறையவைப்பது. “வாசல் வரைக்கும்தான் நாங்க கொண்டுபோய் விடுறது. உள்ளுக்குப் போறது எங்கட கையில இல்ல” என்பார்.

அந்த ஊசிமருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்றார்கள். என் மனிதர் மீன் வியாபாரி. குளிரைப் பற்றி அவருக்கு யார் படிப்பிப்பது? மீன் வைக்கும் வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டியில், நொறுக்கிய ஐஸுக்கு நடுவே மருந்தைப் புதைத்து, குளிர் ஏறட்டும் என்று புத்தளத்து உப்பையும் அள்ளித் தூவிவிட்டார். காலையில் பார்த்தால் மருந்து கட்டியாகிக் கிடக்கிறது. உறைந்தால் அந்த மருந்து வீண். டொக்டர் பெட்டியை மோந்து பார்த்தார். “இது ஊசியா, கணவாய் மீனா?” சிங்களத்தில் பாதி, தமிழில் பாதியாக நன்றாக ஏசினார். ஏசி முடிக்குமுன் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைய ஊசி தவறாமல் கிளினிக்கிலிருந்தே வேறு மருந்து எடுத்துத் தந்தார். அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் றிஸ்வானே எனக்கு ஊசி போட்டார்.

எங்களுக்குத் தேறியவை இரண்டு கருக்கள். முதலாவது தங்கவில்லை.

“ஏன் டொக்டர்?”

“தெரியாது மகள்.”

“நீங்களே தெரியாதெண்டா நாங்க யார்ட்டப் போய்க் கேக்கிற?” என்று கத்தினேன்.

அவர் நடப்பதை நிறுத்தினார். “காரணம் சொல்ல ஊரே இருக்கு. படி ஏறினா, பாரம் தூக்கினா எண்டு எல்லாத்தையும் உங்க தலையில கட்டுவாங்க. நீங்க ஒரு பிழையும் செய்யல்ல. ஏன் எண்டு எனக்குத் தெரியாது.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எத்தாளையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டொக்டரே தெரியாது என்கிறார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

சிலாபத்துக் கிறிஸ்தவக் கோயிலில் அவருடைய உடலை வைத்திருந்தபோது நானும் றிஸ்வானும் பின்னால் நின்றோம். உங்களில் பலரும் நின்றீர்கள், அன்று யாரும் முகத்தைத் திருப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமி தொடங்கினார். “முசீபத்தான, கெட்ட நேரம். இதத் தள்ளிப்போடுங்க.”

“அவங்க பாதியில விட்டுப்போன வேலை உம்மா. முடிப்பம்” என்றார் றிஸ்வான்.

குறித்த நாளில், அவரோடு வேலை செய்த இளம் டொக்டர் அந்தக் கருவை எனக்குள் வைத்தார். இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாளிருக்கிறது. இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இதைக்கூட எழும்பி எழும்பி நடந்துதான் எழுதி முடிக்கிறேன். உங்களில் சிலருடைய வீட்டில் அவர் கைபட்ட பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். என்னிடம் அவருடைய ஒரு படம்கூட இல்லை. அவர் எடுத்த முட்டை, அவர் பார்த்து வைத்துவிட்டுப் போன கரு, இந்த நிமிடம் என் வயிற்றில் இருக்கிறது. நீயும் போய்விடாதே என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.