தரவையாகிப் போன முற்றம்

சிரம்பானில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்முற்றத்துப் புல்லைப் பராமரிக்க அரசாங்கமே ஓர் ஆளை அனுப்புகிறது. அவன் புல்லைப் பிடுங்குவதில்லை. தலைமயிர் வெட்டுவதுபோல மேலால் கத்தரித்துவிட்டு, மிச்சத்தை வளர விட்டுப் போகிறான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பொறுக்கவேயில்லை. என் கணவர் கந்தோர் வேலைக்குப் போனபின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் முற்றம் முழுவதையும் செருக்கி, செம்மண் பளிச்சென்று தெரியக் கூட்டி வைத்தேன். மேற்பார்வைக்கு வந்த வெள்ளைத்துரை வேலியடியில் நின்று என்னவோ நீளமாகச் சொன்னார். மெச்சுகிறார் என்று எண்ணி, நான் வாசலில் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். புல்லுக்கு என்ன வியாதி வந்தது என்றுதான் துரை கேட்டாராம்; பின்னேரம் என் கணவர் வந்து சொன்னார்.

"கூட்டாமல் விட்டால் முற்றம் தரவையாப் போகுமெல்லே?" என்று நான் அவரிடம் சண்டைக்கு நின்றேன்.

"இஞ்சை எல்லாரும் தரவையிலைதான் இருக்கினம். நீயும் பேசாமல் இரு," என்றார் அவர்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாரி வெள்ளம் வற்றியபின் புல் முளைத்து, ஆடுமாடு மேயும் வெட்டவெளியைத்தான் யாழ்ப்பாணத்தில் தரவை என்போம். வெளியில் கிடக்கும்வரை அதற்கு ஒரு குறையும் இல்லை. ஒருத்தியின் முற்றம் தரவையாய்க் கிடக்கிறது என்று ஊர் சொன்னால், அவள் பிறகு தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போக முடியாது. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில், அம்மா விடியமுன் முற்றம் கூட்டிச் சாணித் தண்ணீர் தெளித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவாள். முதல் லீவில் போனபோது துரையின் கதையைச் சொன்னேன். அம்மாவும் ஐயாவும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

அடுத்த லீவுக்குள் அம்மா போய்விட்டாள். நான் ஒரே பிள்ளை. ஐயா தனியே இருந்தார்.

ஸ்டேசனிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கி வேலிப் படலையைத் திறந்தேன். முழங்காலளவு புல். நடுவில் அயல்வீட்டுப் பசு ஒன்று கட்டையில் கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஆம்பிளை முன்முற்றம் கூட்டுவதில்லை. அயலில் யாரையும் கூட்டித் தரும்படி கேட்கவும் ஐயாவுக்கு வாய் வந்திராது. கிணற்றடியிலிருந்து வந்தவர் என்னைக் கண்டதும், என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பசுவை அவிழ்க்க வந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா வாயெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்: "வா பிள்ளை. நீதானாம் முற்றத்தை உப்பிடி விடச் சொன்னனி எண்டு உன்ரை ஐயா சொன்னவர். மலாயாவிலை பெரிய ஆக்களின்ரை வீடுகளிலை உதுதானாம் பெருமை. மெய்யே?"

ஐயா பெட்டியோடு வாசலில் அப்படியே நின்றார். நான் 'இல்லை' என்று சொன்னால் அவர் பொய்யராவார். என் பெயரைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மகள் இருந்தும் முற்றம் தரவை என்று ஊர் சொல்லமுன், அதையே என் நாகரிகமாக்கிச் சொல்லிவைத்திருக்கிறார்.

"ஓம் அக்கா. அங்கை எல்லாம் தரவையான முற்றம்தான்," என்றேன். செல்லம்மாக்கா நம்பவில்லை. அவள் சிரித்தபடியே பசுவை இழுத்துக்கொண்டு போனது எனக்கு இன்னும் வெட்கமாயிருந்தது.

அடுத்தநாள் விடியவே விளக்குமாற்றையும், புல்லுச் செருக்கும் உழவாரத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஐயா பின்னால் வந்து நின்றார்.

"விடு பிள்ளை. நீ இப்ப செருக்கினால் நான் சொன்னது பொய்யெண்டு தெரிஞ்சுபோம். நீ போனாப்பிறகு ஆர் கூட்டுறது?"

உழவாரத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் அழுதேன். அந்த லீவு முழுவதும் அந்தப் புல்லுக்குள்ளால்தான் நடந்தேன். வந்து போனவர்களுக்கெல்லாம் மலாயாப் பெருமை சொன்னேன். திரும்பி வருகிற அன்று படலை தாண்டும்போது சேலைக்கரை பனியில் நனைந்திருந்தது. ரயிலில் ஏறியும் அது காயவில்லை.

இங்கே இன்றும் அந்த ஆள் புல்லை வெட்டிவிட்டு, அழகாயிருக்கிறதா என்று மலாயில் கேட்டான். தலையாட்டினேன். துரையின் கண் படாத சமையல் குசினிக்குப் பின்னால், ஒரு பாய் விரிக்கும் அளவு நிலத்தை வெறுமையாக்கி வைத்திருக்கிறேன். விடியமுன் அதைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறேன். அதில் யாரும் நடப்பதில்லை. ஊரில் விடிந்ததும் ஐயா ஈரப் புல்லுக்குள்ளால் படலை திறக்கப் போவார்.