படுத்தால் ஒழுகும்

எங்கள் படகுப் பட்டறையில் அக்காவைச் சின்னக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பாய்மரப் படகின் வயிற்றுக்குள் டீசல் என்ஜினை வைக்கிறவர்கள், அதை ஒருநாள் யாராவது கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைப்பதே இல்லை போலிருக்கிறது. என்ஜினுக்கும் படகின் சுவருக்கும் நடுவே பல படகுகளில் நாலு விரல் இடம்தான். மற்ற மெக்கானிக்குகள் கையை விட்டால் பாதியில் மாட்டிக்கொண்டு திட்டுவார்கள். அக்காவின் கை உள்ளே போய், நட்டைத் தேடி, கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த நேரத்தில் அவள் கண் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். வாய், எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவதைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருக்கும். அந்தக் குழாய் மூன்று வருடமாகச் சொட்டுகிறது.

பதினேழு வயதில் அவள் இங்கே வந்தது என்ஜினுக்காக அல்ல. கரையேற்றிய படகுகளின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டும் வேலைக்கு. ஒருநாள் மேஸ்திரியின் ஸ்பானர் ஓர் என்ஜினுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு வந்தவள், "உள்ள ஒரு போல்ட் ஆடுது, கையோட அதையும் திருகிட்டேன்" என்றாள். அந்த என்ஜின் ஏன் அதிர்கிறது என்று மேஸ்திரி இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். சுரண்டும் வேலை அன்றோடு முடிந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. இப்போது எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இலக்கியம் படித்தேன். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு பட்டறை அலுவலகத்தில் ஜாப் கார்டு எழுத உட்கார்ந்தேன். நான் வருவதற்கு முன் அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் படகு வந்தாலும் சொந்தக்காரரை எதிரில் உட்காரவைத்து, எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், என்ன சத்தம் என்று துருவுவாள். "என்ஜினை விட்டுட்டு ஆளைக் கழட்டுறா பாரு" என்பார் மேஸ்திரி. நான் வந்ததும் அந்த வேலை என்னிடம் வந்தது. "படிச்ச கை இருக்கும்போது எண்ணெய்க் கை எதுக்கு?" என்று அக்காவே பேனாவைத் தள்ளிவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

டிரைவர் வந்தது ஒரு திங்கட்கிழமை. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய படகின் வெறும் கூட்டை வாங்கி, முதலில் என்ஜினை இறக்கி, பிறகு அதைச் சுற்றி ஏழு வருடம் அறை கட்டியவர். கதவு, அலமாரி, உள்ளே இறங்கும் படிகள் எல்லாம் அவர் கையால் செய்தவை. மனைவிக்கு முட்டி வலி. அதனால் அவரைப் பல உயரங்களில் காலைத் தூக்கவைத்து, வலிக்காத உயரத்தைக் குறித்துக்கொண்டு படி செய்திருந்தார்.

"என்னண்ணே பிரச்சினை?" என்று கேட்டேன்.

"ஆயில் ஒழுகுது தங்கச்சி. சும்மா நின்னா ஒண்ணும் தெரியல. படுத்தா ஒழுகுது."

நான் எழுதினேன்: 'இயந்திரம் ஓய்வில் இருக்கும்போது எண்ணெய்க் கசிவு.' நல்ல வாக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா கார்டைப் படித்துவிட்டுப் படகில் இறங்கினாள். பச்சை நிறத்தில் இரண்டு சிலிண்டர் என்ஜின். அதன் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்தது. கீழே இருந்த தட்டில் கறுப்பு எண்ணெய் தேங்கி நின்றது. பின்னால் ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தை மூடியிருக்கும் கூட்டின் அடியில்தான் ஈரம் அதிகம். என்ஜினை முழுவதும் துடைத்து, தட்டில் வெள்ளைத் துணி விரித்து, ஓடவிட்டு, நிறுத்தி, அப்படியே விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் துணி வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு நாளும் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"ஓடாதப்ப ஒழுகுதுன்னா பின்னாடி இருக்கிற ஆயில் சீலாத்தான் இருக்கணும்" என்றாள். ஆனால் குரலில் உறுதி இல்லை. "ஆனா ஒழுகவே மாட்டேங்குதே."

எண்ணெயை வெளியே விடாமல் அடைக்கும் அந்த சீல் ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கிறது. சின்னக்கைகூட அங்கே போகாது. என்ஜினைத் தூக்கி வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் படிகளையும் அறையின் முன் சுவரையும் அறுக்க வேண்டும். அக்கா இதை டிரைவரிடம் சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அறுக்க வேண்டிய இடத்தில் தானே கோடு போட்டார். ஸ்கேல் வைத்து, நேராக.

"வேற யாராவது போட்டா கோணலாப் போகும்" என்றார்.

வியாழக்கிழமை காலை மேஸ்திரி ரம்பத்தோடு வந்தார். டிரைவரின் மனைவி அலமாரியிலிருந்து பாத்திரங்களை எடுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா படியில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் இந்தப் படகால வந்தது" என்றார் அந்த அம்மா. "இடது பக்கம் படுத்தா ஒண்ணுமில்ல. வலது பக்கம் படுத்தாப் போச்சு, ஒரே எண்ணெய்."

அக்கா நிமிர்ந்தாள். "அண்ணி, யாரு படுத்தா?"

"படகுதான். பின்ன நானா? நான் எந்தப் பக்கம் படுத்தாலும் இவர் குறட்டைதான் கேக்கும்."

மேஸ்திரி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "காத்துல பாய் ஏத்தி ஓடும்போது, படகு சாயுதே, அப்பவா?"

"பின்ன? அதைத்தானே திங்கட்கிழமையே சொன்னேன்?" என்றார் டிரைவர். "படுத்தா ஒழுகுதுன்னு."

படகு சாய்வதைப் படுக்கிறது என்பது எங்கள் படகுத்துறையில் எல்லோருக்கும் பழகிய பேச்சு. பிறந்ததிலிருந்து என் காதில் விழுந்த சொல். அதை நான் அலுவலக மேஜையில் உட்கார்ந்து கேட்டபோது, என்ஜின் படுக்கிறது, அதாவது ஓய்வெடுக்கிறது என்று எப்படி எடுத்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 'சும்மா நின்னா ஒண்ணும் தெரியல' என்று அவர் சொன்னதை நல்ல வாக்கியத்துக்குள் அடக்க முடியாமல் விட்டிருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"மேஸ்திரி, ரம்பத்தை வைங்க. படகைப் படுக்கவைக்கணும்."

பாய் ஏற்றும் கயிறு பாய்மரத்தின் உச்சியிலிருந்து வருகிறது. அதன் நுனியைக் கரையிலிருந்த இரும்புத் தூணில் கட்டினார்கள். மறு நுனியை டிரைவர் படகிலிருந்த வின்ச் உருளையில் சுற்றி இழுக்க இழுக்க, படகு மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது. அதற்குள் அக்கா முகப் பவுடர் டப்பா ஒன்றை வாங்கிவரச் சொல்லி, துடைத்த என்ஜின்மேல் பிரஷ்ஷால் பூசியிருந்தாள்.

"எனக்குக்கூட இவ்வளவு பவுடர் வாங்கித் தந்ததில்ல இந்த மனுஷன்" என்றார் அந்த அம்மா.

என்ஜினை ஓடவிட்டார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் படகின் பின்னால் சரியாக வெளியேறுகிறதா என்று அக்கா முதலில் எட்டிப் பார்த்தாள். பிறகு சாய்ந்த தரையில் ஒரு காலை அலமாரியில் முட்டுக் கொடுத்து டார்ச் அடித்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெள்ளைப் பவுடரில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இறங்கியது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி ஒரு குழாய்க்குள் செருகியிருக்கும் அல்லவா, அந்தக் குழாய் என்ஜினில் சேருகிற அடியிலிருந்து. படகு நேராக நிற்கும்போது எண்ணெய் அந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது. வலது பக்கம் சாய்ந்தால் மேலே ஏறி அதை மூடுகிறது. ஒழுகிய எண்ணெய் தாழ்ந்த பின்பக்கமாக ஓடி, ஃப்ளைவீல் கூட்டின் அடியில் வந்து சொட்டுகிறது. சீலின்மேல் பழி விழுந்தது அப்படித்தான்.

என்ஜினை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்திப் படகை நேராக்கினார்கள். அக்கா சுவருக்கும் என்ஜினுக்கும் நடுவே கையை விட்டாள். கண் மேலே போனது. இந்தத் தடவை வீட்டுக் குழாயைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு போல்ட். குழாயை உருவியபோது, அதன் அடியில் இருந்த ரப்பர் வளையம் காய்ந்த ஆரஞ்சுத் தோல்போல இரண்டாக உடைந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. டிரைவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா என் படியை அறுக்கப் பார்த்தீங்க?"

"தப்பு எங்களுதுதாண்ணே" என்றாள் அக்கா. 'எங்களுது' என்றுதான் சொன்னாள்.

புது வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி மாட்டினாள். மறுபடி படுக்கவைத்துப் பார்த்தார்கள். பவுடரில் கோடு விழவில்லை.

கை கழுவும் இடத்தில் அவளிடம் போனேன். "அக்கா, நான் தப்பா எழுதிட்டேன்."

"எழுத்துல தப்பே இல்லடி. நான் எழுதியிருந்தா மூணு பிழை இருக்கும்." சோப்பை என் பக்கம் தள்ளினாள். "ரெண்டு நாளா மனசு சொல்லிட்டே இருந்துச்சு, அவரைக் கூப்பிட்டுக் கேளுன்னு. படிச்சவ எழுதினதை நாம என்ன திரும்பக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். அதான் தப்பு."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபது வருடமாகக் கண் எட்டாத இடத்தில் பார்த்த கை, என் ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒதுங்கி நின்றிருக்கிறது. நான் படித்தது அதற்காகவா?

மறுநாள் காற்று நன்றாக இருந்தது. டிரைவரும் மனைவியும் பாய் ஏற்றி வெளியே போய், வலது பக்கம் சாயும்படி இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார்கள். அந்த அம்மா தட்டில் விரித்திருந்த துணியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே படியேறி வந்தார். வெள்ளை.

"அந்தப் பென்சில் கோட்டை அழிக்கச் சொன்னேன், அழிக்க மாட்டேங்கறார்" என்றார். "அவ்வளவு நேராப் போட்டதாம்."

கார்டை முடிக்க வேண்டியிருந்தது. என் வாக்கியத்தை அடித்துவிட்டு, டிரைவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். பேனாவை அக்காவிடம் நீட்டினேன். "நீ எழுதுக்கா."

"ஐயோ, எண்ணெய்க் கை."

"பரவாயில்ல."

பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, கார்டைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்ததும் பிழை இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள். கார்டில் எண்ணெய்க் கட்டைவிரல் பதிந்திருந்தது. அதன் பக்கத்தில்:

'வலது பக்கம் படுத்தும் ஒழுகல.'