அப்பா தளர்த்திய பிரேக்

மதியம் இரண்டரை மணிக்குச் செய்தி வந்தது. திருமானூரில் சவாரியை இறக்கிவிட்டு, காரைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டிச் சீட்டில் சாய்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலியாக இருக்கும் என்றார்கள். கைப்பிரேக் போட்டிருந்தது, வண்டி கியரிலும் இருந்தது என்று போனில் சொன்னவர் வியந்தார். அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை.

அப்பாவின் பெயர் ஆண்டவர். அரியலூர் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டியவர். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் கோயிலுக்குச் சவாரி இருக்கும். தூரத்தில் ஓர் ஆடு தெரிந்தாலே நிறுத்திவிடுவார். அது ரோட்டைக் கடந்து மேயத் தொடங்கிய பிறகுதான் வண்டியை எடுப்பார்.

பைக் மட்டும் அவருக்கு ஆகாது. இளவயதில் அவருடைய நண்பர் நல்லதம்பி ஈர ரோட்டில் முன் பிரேக்கைப் பிடித்துப் பறந்துபோய் விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து சொந்தத்தில் யார் பைக் வாங்கினாலும், எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை முடிந்த கையோடு அப்பா ஸ்பேனருடன் போய் முன் பிரேக் கம்பியைத் தளர்த்திவிடுவார். சூடம் காட்டுவதுபோல அதுவும் ஒரு சடங்காகிவிட்டது. யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

எனக்கு ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. காலை ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. பழைய பைக் ஒன்று வாங்கினேன். வழக்கம்போல எலுமிச்சை, சூடம், ஸ்பேனர். அதற்குப் பிறகும் அப்பா, "சுண்ணாம்புக்கல்லு லாரி ஓடுற ரோடு. காருன்னா சட்டுனு நிக்கும். பைக்கு நிக்காது. வேல வேணாம் பாப்பா" என்றார்.

"நிக்கும்ப்பா."

"காட்டு. காரு பக்கத்துல நின்னுட்டா போய்க்க."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே, பிளாட் போட்டு வீடு வராத தார் ரோட்டுக்குப் போனோம். நடுவராக மெக்கானிக் பூமாலை வந்தார். அவர் தன் செருப்பைக் கழற்றி ரோட்டோரம் வைத்தார். இருவரும் ஒரே வேகத்தில் வந்து, செருப்பருகில் பிரேக் பிடிக்க வேண்டும்.

அப்பாவின் கார் மூக்கைத் தாழ்த்தி நின்றது. நான் பின் பிரேக்கை மிதித்தேன். வால் ஆட, டயர் தேய, காரைத் தாண்டி எங்கோ போய் நின்றேன்.

"பாப்பா, திரும்பி வர பஸ் காசு இருக்கா?" என்று பூமாலை கத்தினார்.

அப்பா சிரிக்கவில்லை. "பாத்தியா. விடு" என்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

பைக்கை வாங்கி நிறுத்திய பூமாலை, முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். "ஏண்ணே, இது பிரேக்கா, தொங்கவுட்ட தோரணமா?"

"நாந்தான் லூசு பண்ணேன். குப்புறத் தள்ளிடும்ல."

"ஒத்தக் கால கட்டிப்புட்டு ஓடுன்னா அது என்னத்த ஓடும்? திடீர்னு இறுக்குனாத்தான் தள்ளும். ரெண்டு பிரேக்கையும் சேத்து, முன்னத கொஞ்சங் கொஞ்சமா அழுத்துனா நிக்கும்ணே."

கம்பியை முறுக்கித் தந்தார். மெதுவாகப் போய்ப் பழகினேன். பிறகு மறுபடியும் இருவரும் ஓட்டினோம். இம்முறையும் கார்தான் முந்தி நின்றது. ஆனால் நான் அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அப்பா கண்ணாடியை இறக்கி என் டயரைப் பார்த்தார்.

"காருதான் ஜெயிச்சுது."

"ஜெயிச்சது காரு. தோத்தது நீங்க" என்றார் பூமாலை.

அப்பா வெகுநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "லாரிக்குப் பின்னால ஒட்டிப் போவாத. மழை பேஞ்சா நானே கொண்டாந்து வுடுறேன்" என்றார். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. தான் தளர்த்திய பிரேக்குகளைத் தேடிப் போய் முறுக்கினார். ஒரு கல்யாண மண்டப வாசலில் சித்தப்பா பைக் என்று நினைத்து யாருடையதையோ குனிந்து திருகப் போய், வண்டித் திருடன் என்று பிடித்துவைத்தார்கள். கல்யாண மாப்பிள்ளையே வந்து மீட்க வேண்டியிருந்தது.

கடைசியாக அம்மா கேட்டார். "ஏங்க, பொண்ணு மட்டுந்தான் ஓட்டணுமா?"

போன மாதம் என் பைக்கை விற்று ஸ்கூட்டர் வாங்கியதும், அதே ரோட்டில் அப்பா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதல் பாடமே நிறுத்துவதுதான். அம்மாவுக்கு இப்போது நேராகப் போக வரும், கச்சிதமாக நிற்கவும் வரும். வண்டியைத் திருப்ப மட்டும் சொல்லித்தராமலே அப்பா போய்விட்டார்.